மேற்குக் கிளையின் கடைசி வரி

குட்டி மேடம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியைப் படிக்க மாட்டார். இடது கைச் சுண்டுவிரலால் ஓரத்து விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இன்னொரு விசையை ஒரு தட்டு தட்டுவார். திரை ஒரே தாவலில் கோப்பின் அடிக்குப் போய்விடும். அங்கே கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும். அது கடைசி எழுத்தை ஒட்டி நிற்கிறதா, அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒட்டி நின்றால் என்டர் விசையில் ஒரு தட்டு. தனியாக நின்றால் 'சரி' என்று தனக்குத்தானே ஒரு முணுமுணுப்பு. அதன் பிறகுதான் மேலே போய் முதலிலிருந்து படிக்கத் தொடங்குவார். தெருமுனைவரை போனவர் திரும்பி வந்து, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது போலிருக்கும்.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அது எப்படி வந்தது என்று சொன்னால் அவர் யார் என்பதையும் சொன்னதாகிவிடும்.

எங்களுடையது வீடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் நிறுவனம். எழுந்து நடக்க முடியாதவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது போன்ற வேலைகள். நகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் ஐந்து கிளைகள். தலைமையகம் என்று பெயர்ப் பலகை சொல்லும் இடம், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மேலாளர். அந்த அறைக் கதவு மழைக்கு உப்பி, சரியாகச் சாத்தாது. ஆகவே எங்கள் அலுவலகத்தில் ரகசியம் என்று எதுவும் இல்லை. இன்னொரு அறையில் குட்டி மேடமும் நானும். அவருக்குக் கணினி, எனக்குத் தொலைபேசி. மனிதர்களிடம் பேசக் கூசுகிற ஒருவனைப் பிடித்துத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தது யாருடைய யோசனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குட்டி மேடத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. காகிதக் கட்டு வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்திருப்பார். குட்டி என்ற சொல்லும் மேடம் என்ற சொல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை யாரும் யோசித்ததில்லை. மேலாளரே அப்படித்தான் கூப்பிடுவார். வாய் மட்டும் குட்டி இல்லை. ஒரு செவிலியர் புது உடுப்பு உடுத்தி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், 'வித்தவனுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்' என்பார். அந்தச் செவிலியரே சிரித்துவிடுவார், ஏனென்றால் அடுத்த நிமிடம் குட்டி மேடம் தன் சாப்பாட்டில் பாதியை அவர் பக்கம் நகர்த்தியிருப்பார். அவருடைய கணவர் சைக்கிள் உதிரி பாகங்கள் விற்கிறவர். மாலையில் கூட்டிப்போக வரும்போது படிக்கட்டிலேயே நின்று, 'எழுத்தெழுத்தா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி சொல்றதைக் கேட்பா, நான் ரெண்டு வார்த்தை பேசினா பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடுவா' என்று என்னிடம் புகார் சொல்வார். நான் சிரிப்பேன். பதில் சொல்ல வராது.

அவருடைய அப்பா சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர். ஒரு படம் பல சுருள்களாக வரும். ஒரு சுருள் தீருகிற நொடியில் அடுத்த இயந்திரத்தில் அடுத்த சுருளை ஓடவிட வேண்டும். சரியாகச் செய்தால், கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அது முழுசாக ஒரே படம். கொஞ்சம் பிசகினால் விசில். அந்த அறையின் வெக்கையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவர் குட்டி மேடம். பிறகு மருந்துக் கடையில் பில் போட்டார், மாலை வகுப்பில் கணினி படித்தார், கல்யாணம், ஒரு மகள். இந்த அலுவலகத்தில் எனக்கு முன்னால் தொலைபேசி வேலை பார்த்தவர் அவர்தான். அப்போது தினமும் மாலையில் ஐந்து கிளைகளையும் கூப்பிட்டு, நாளைக்கு எந்தெந்த வீடு என்று கேட்டு எழுதி, மறுபடி ஒவ்வொரு செவிலியரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். 'காது பழுத்துப் போச்சு தம்பி. அந்த வலியிலதான் புரோகிராம் எழுதினேன். அறிவுல எழுதல' என்று சொல்வார்.

அவர் எழுதிய நிரல் இதுதான். ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் நாளைய வீடுகளைத் தட்டச்சு செய்து ஒரு கோப்பாக அனுப்புவார். முதல் வரியில் கிளையின் பெயர். அதற்குக் கீழே வீட்டுக்கு ஒரு வரி: யார், எந்தத் தெரு, என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு. நிரல் முதலில் வந்த கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கும். அது தீர்ந்ததும் இரண்டாவதைத் திறக்கும், பிறகு மூன்றாவது. ஐந்து கோப்புகளும் அதற்கு ஒரே நீளமான கோப்பு மாதிரிதான். 'கிளை' என்ற சொல் வருகிற வரி வெறும் தலைப்பு என்பதால் அதைத் தாண்டிவிடும். மற்ற ஒவ்வொரு வரியையும் உரிய செவிலியரின் கைபேசிக்கு அனுப்பிவிடும். அப்பாவின் சுருள்களைப் போலத்தான் என்று ஒருநாள் அவரே சொன்னார். பல வருடங்களாக யாரும் விசிலடிக்கவில்லை.

மேற்குக் கிளையில் தட்டச்சு வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது நான் மேலாளரிடம் என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு எனக்கு ஒரு வாரம் ஒத்திகை தேவைப்பட்டது. அக்கா அப்போதுதான் தன் மகளோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் புருஷன் அடிக்கிற ஆள் இல்லை. வேறு மாதிரி. சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, நீதான் வைத்தாய், உனக்கு ஞாபகமே இருப்பதில்லை என்பான். சொல்லாததைச் சொன்னேன் என்பான், சொன்னதைச் சொல்லவே இல்லை என்பான். வருஷக்கணக்கில் இதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவள் தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால்கூட ஒரு கணம் தயங்குவாள். வேலை கிடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டாள். அம்மாவிடம் வாயாடத் தொடங்கினாள். எனக்கு அது சங்கீதமாக இருந்தது.

பிறகு அந்தத் தொலைபேசி வந்தது.

ரயில்வே கேட்டுக்கு அப்பால், மேற்குக் கிளையிலிருந்து ரொம்பத் தொலைவில் ஒரு வீடு. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அங்கே படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். முதுகில் படுக்கைப் புண். தினமும் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். அவர் கோபப்படக்கூட இல்லை.

"இன்னைக்கு யாரும் வரலை தம்பி. ஒருவேளை நான்தான் கிழமையை மாத்திப் புரிஞ்சுக்கிட்டேனோ?"

நான் அவசரமாக ஒரு செவிலியரை வண்டி பிடித்துப் போகச் சொன்னேன். மேற்குக் கிளையைக் கூப்பிட்டேன். அக்கா பதறிப்போனாள். நான் போட்டேனே என்றாள். கோப்பைத் திறந்து பார்த்தாள். கடைசி வரியாக அந்த வீடு இருந்தது. இருந்தும் நம்பிக்கை இல்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அதே கோப்பை மறுபடி அனுப்பினாள். அது தலைமையகத்துக் கணினியில் பழைய கோப்பின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் வினை. மேலாளர் வந்து பார்த்தார். இப்போது வரி இருக்கிறது, காலையில் செவிலியருக்குப் போகவில்லை. அவர் கண்ணுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரிந்தது: இந்தப் பெண் விட்டுவிட்டாள், கேட்டதும் சேர்த்து அனுப்பிவிட்டு முதலிலேயே இருந்தது என்கிறாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. முதல் தடவை பொறுத்துக்கொண்டார். அவசரத்தில் செய்யாமல், மாலையில் நேரத்தோடு உட்கார்ந்து நிதானமாக முடித்து முதல் ஆளாக அனுப்பச் சொன்னார். அக்காவும் அப்படியே செய்தாள். மற்ற நான்கு கிளைகளுக்கும் முன்னால் அவள் கோப்பு வந்துவிடும். அப்படி வந்த நாட்களில் எல்லாம் ஓட்டுநரின் வீடு காணாமல் போனது. நடுவில் ஒருநாள் அவள் மகளுக்குக் காய்ச்சல், ஓடியோடி வேலை பார்த்து எல்லோருக்கும் கடைசியாக அனுப்பினாள். அன்றைக்குச் செவிலியர் சரியாகப் போனார். பொறுப்பாகச் செய்தால் தப்பு, அரைகுறையாகச் செய்தால் சரி என்றால் யாருக்குத்தான் புத்தி கலங்காது? மேலாளருக்கோ அது இன்னும் தெளிவாகிவிட்டது. ஒருநாள் போடுகிறாள், ஒருநாள் விடுகிறாள்.

வீட்டில் அக்கா மாறிப்போனாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவாள், திரும்பிப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள், உட்காருவாள், மறுபடி எழுந்து போவாள். மகளின் பையில் புத்தகம் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்பாள். அம்மா ஒருநாள் எரிச்சலில், 'அடுப்பு ஓடியா போயிடும்' என்று சொல்லிவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"டேய், ஒருவேளை அந்த ஆள் சொன்னது நிஜம்தானோ? எனக்குத்தான் எதுவும் மனசுல நிக்கலையோ?"

இல்லை என்றேன். ஆனால் என்னிடம் இருந்தது ஒரு தம்பியின் 'இல்லை'. அதை அவளும் அறிவாள். அலுவலகத்தில் வாய் திறந்தாலும் இதே கதைதான். ரத்தம் பேசுகிறது என்பார்கள். வேலை போனால் வேறு வேலை தேடலாம். அவள் தன்னையே நம்பாமல் போய்விட்டால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

ஒரு மதியம், படிக்கட்டில் உட்கார்ந்து கவிதைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குட்டி மேடம் தேநீரோடு வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தார். அப்போதுதான் எங்கள் உயரம் சமமாகும்.

"கவிஞரே, உங்க அக்கா வீட்டுல எப்படி? மறதிக்கார ஆளா?"

நான் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி என்று அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அக்காவைப் பற்றிச் சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை இப்போதும் விருந்தாளிகள் முன்னால் சொல்லி மானத்தை வாங்குவாள் என்றேன். அவள் புருஷனைப் பற்றியும், எப்படியோ, சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. குட்டி மேடம் தேநீரை ஊதிக் குடித்தார். பிறகு, இனிமேல் எந்தக் கோப்பு வந்தாலும் வந்த கையோடு ஒரு நகல் எடுத்துத் தனியாக வைக்கப்போவதாகச் சொன்னார். எழுந்து போகும்போது, 'அந்தப் புருஷனுக்கு எவ்வளவு மார்க்குன்னு கேட்டு வைங்க' என்றார்.

அடுத்த தடவை ஓட்டுநர் கூப்பிட்டபோது அவர் குரலில் களைப்பு இருந்தது. புண் கொஞ்சம் வாடை அடிக்கிறது என்றார். மேலாளர் கதவு சாத்தாத தன் அறையிலிருந்து குட்டி மேடத்தைக் கூப்பிட்டார். இந்த வாரத்தோடு மேற்குக் கிளைப் பெண் போகட்டும் என்றார். குட்டி மேடம் தன்னிடம் இருந்த நகலைப் பற்றிச் சொன்னார். அக்கா மறுபடி அனுப்புவதற்கு முன்னால் எடுத்த நகல். அதில் அந்த வரி இருந்தது. அப்படியென்றால் நிரலில் கோளாறா என்று மேலாளர் கேட்டார். மற்ற நான்கு கிளைகளுக்கும் வராத கோளாறு இவள் ஒருத்திக்கு மட்டும் எப்படி வரும்? குட்டி மேடம் அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

"நான் ரெண்டு நாள் குடுக்கலாம் குட்டி மேடம். அந்தப் புண்ணு குடுக்குமா?"

அது நியாயமான கேள்விதான். அவர் திரும்பி வந்து, முதல் காரியமாக ரயில்வே கேட் வீட்டை அந்தப் பக்கத்துச் செவிலியரிடம் வாய்மொழியாகவே ஒப்படைத்தார். கோப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் போக வேண்டும். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தார்.

நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குக் கிளையின் கோப்பை மட்டும் நிரலுக்குக் கொடுத்து ஓட்டினார். ஓட்டுநரின் வீடு வந்தது. ஐந்தையும் சேர்த்து ஓட்டினார். வரவில்லை. மறுபடி தனியாக. வந்தது. மறுபடி சேர்த்து. இல்லை. நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"தனியா இருந்தா பேசுது, கூட்டத்துல வாயே திறக்க மாட்டேங்குது. உங்க சொந்தக்காரனா தம்பி?"

அந்த நிலையிலும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அவர் மனம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் என்ன நடக்கிறது? நிரலைக் கொஞ்சம் மாற்றி, படிக்கிற ஒவ்வொரு வரியையும் படித்தபடியே திரையில் காட்டச் சொன்னார். வரிகள் ஓடின. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். நடுவில் ஒன்று மட்டும் திரையின் விளிம்பைத் தாண்டிக்கொண்டு போனது. ஓட்டத்தை நிறுத்தி மேலே போனார். நானும் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். ரயில்வே கேட், ஓட்டுநரின் மனைவி, படுக்கைப் புண், காலை ஒன்பது மணி. அதற்குப் பிறகு இடைவெளிகூட இல்லாமல், அதே வரியில்: தெற்குக் கிளை.

இரண்டு கோப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முதல் கோப்பின் கடைசி வரியும் அடுத்த கோப்பின் தலைப்பும் ஒரே வரியாகிவிட்டன. அந்த வரியில் 'கிளை' என்ற சொல் இருந்ததால், நிரல் அதைத் தலைப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தது. கவிதையில் ஒரு வரி எங்கே முடிகிறது என்பதைப் படிக்கிறவன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான். கணினிக்குக் கண் இல்லை. என்டர் விசையைத் தட்டினால்தான் வரி முடிந்தது என்று அதற்குத் தெரியும். மேற்குக் கிளையின் கடைசி வரிக்குப் பிறகு அந்தத் தட்டு இல்லை. மேற்குக் கோப்பு எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த நாளில் ஒட்டிக்கொள்ளப் பின்னால் வேறு கோப்பு கிடையாது, அதனால் தப்பித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா தயங்கித் தயங்கி அடித்து எப்போதும் கடைசியாகத்தான் அனுப்பினாள். அக்கா நேரத்தோடு முடித்து முதலில் அனுப்பிய நாட்களில் எல்லாம் பின்னால் ஒரு கோப்பு காத்திருந்தது.

குட்டி மேடம் கைபேசியில் திரையைப் படம் எடுத்துக்கொண்டார்.

"முழுங்கினது நான் எழுதினதுதான்" என்றார்.

மேலாளரிடம் போவார் என்று நினைத்தேன். பையை எடுத்தார். என்னையும் கிளம்பச் சொன்னார். மற்ற நான்கு பேரும் அந்த விசையைத் தட்டுகிறபோது அக்கா மட்டும் ஏன் தட்டுவதில்லை என்று பார்க்காமல் பேசக் கூடாது என்றார். பேருந்தில் இருவரும் பேசவில்லை. எனக்கு அது சிரமமில்லை. அவருக்கு அது பெரிய சிரமம் என்று தெரியும்.

மேற்குக் கிளை ஒரு துணி வெளுக்கும் கடையின் பின்னறை. சோப்பு வாடை. அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். வேலை போன செய்தியைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று அவள் முகம் சொன்னது. குட்டி மேடம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றுமில்லை, நீ பாட்டுக்கு நாளைக்கு உள்ளதை அடி, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அக்கா அடித்தாள். அவளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பக்கத்து வீட்டில் தொடங்கி, தொலைவு கூடக்கூட அடுக்கிக்கொண்டு போவாள், செவிலியர் அந்த வழியில்தான் போவார் என்பதால். ஆகவே கடைசி வரி எப்போதும் ரயில்வே கேட். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரைத் தட்டினாள். கடைசி வரி வந்தது. ஒன்பது மணி என்று அடித்தாள். அடித்த கையைச் சூடுபட்டதுபோல விசைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அங்க மட்டும் கையை எடுத்துட்ட?" என்று குட்டி மேடம் கேட்டார்.

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. அப்படி ஒன்று செய்கிறாள் என்றே அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குத் தட்டச்சில் பதில் சொல்லும் வேலை பார்த்தாள். அங்கே கடைசியில் என்டரைத் தட்டினால் எழுதியது அப்படியே எதிராளிக்குப் போய்விடும். ஒரு தடவை சரிபார்ப்பதற்கு முன்னால் தட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினாள். அன்றிலிருந்து எழுதி முடித்ததும் கையை எடுத்துவிட்டு முழுசாக ஒரு தடவை படித்துப் பார்ப்பாள். இங்கேயும் அப்படித்தான். படித்துப் பார்ப்பாள், சரியாக இருக்கும், சேமித்து அனுப்பிவிடுவாள். மேலே உள்ள வரிகளில் அந்தப் பயம் இல்லை, ஏனென்றால் அங்கே இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது.

குட்டி மேடம் கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். ஒட்டிக்கொண்ட வரியை விரலால் பெரிதாக்கினார்.

"பாரு. இது நீ அடிச்சது. இங்க இருக்கு. நீ ஒரு நாளும் விடலை. படிக்கத் தெரியாம விட்டது நான் எழுதின புரோகிராம்."

அக்கா படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"முதல் நாளும்?"

"முதல் நாளும்."

"நான் சீக்கிரம் முடிச்ச நாளெல்லாம்?"

"எல்லா நாளும்மா. நீ சீக்கிரம் முடிச்சதாலதான் போச்சு."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பக்கத்தில் இயந்திரம் ஒன்று துணியை உதறிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் எனக்கு மறதி இல்லை என்று, கேள்வியாக இல்லாமல், சொன்னாள். குட்டி மேடம், 'உன் தம்பியோட கணக்கு மார்க்கை நீ மறந்தா நல்லாயிருக்கும்னுதான் அவன் சொல்றான்' என்றார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நான் வெளியே போய், காய்ந்துகொண்டிருந்த யாருடையவோ வெள்ளைத் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை மேலாளர் அறையில் குட்டி மேடம் பேசியது கதவு வழியாக முழுவதும் கேட்டது. சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, எழுதியது நான் என்று தொடங்கினார். மேலாளர் தடுமாறினார். மற்ற நான்கு கிளைகளில் நன்றாகத்தானே ஓடியது என்றார். அந்த நான்கு பேரும் பழக்கத்தில் ஒரு தட்டு தட்டியதால் ஓடியது, அவர்கள் பழக்கத்தை நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே தெரியாது என்றார் குட்டி மேடம். வெளியே வந்தவர் மத்தியானத்துக்குள் நிரலைத் திருத்திவிட்டார். ஒரு கோப்பு தீர்ந்ததும், என்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரி அங்கே முடிந்துவிடும். மேலாளர் தன் கைபேசியிலிருந்தே மேற்குக் கிளையைக் கூப்பிட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அதை அவர் தாழ்ந்த குரலில் கேட்கவில்லை என்பதற்காக அவர்மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஓட்டுநரைப் பார்க்க அவரே நேரில் போனார். புண் ஆறத் தொடங்கியிருந்தது.

நிரல் திருந்திய பிறகு அந்த முனையைப் போய்ப் பார்க்க அவசியமே இல்லை. இருந்தாலும் குட்டி மேடம் ஒவ்வொரு கோப்பிலும் பார்க்கிறார். ஏன் என்று கேட்டேன். 'புரோகிராம் திருந்திடுச்சு, நான் திருந்த வேண்டாமா' என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து கிடைத்த தத்துவம்.

அக்கா இப்போதும் மேற்குக் கிளையில்தான் இருக்கிறாள். அடுப்பை ஒரு தடவை அணைக்கிறாள், கூடத்துக்கு வந்து உட்காருகிறாள். அவள் புருஷன் ஒருநாள் கைபேசியில் கூப்பிட்டு, ஏதோ ஒரு பாத்திரத்தை அவள் எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னான். நான் எடுக்கவில்லை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் அடுத்த அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் படிக்காமல், கேட்டுக்கொண்டிருந்தேன். குட்டி மேடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை வாயெடுத்திருக்கிறேன். அவர் ஏதாவது கேலி சொல்லிவிடுவார், நான் சிரித்துவிடுவேன், அதோடு போய்விடும். எழுத்தில் சொன்னால் குறுக்கே பேச முடியாதல்லவா. அதற்காகவும்தான் இது.

எழுதியதைப் போன மாதமே முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு தெரிந்துகொண்ட ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு அச்சு இயந்திரம். அதைச் சுத்தம் செய்ய ஆள் வந்த அன்று குட்டி மேடம் மகளின் பள்ளிக்குப் போயிருந்தார். மேலாளர் வந்து நின்று, போன தடவை போல இது மறுபடி மக்கர் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து தன் கையில்தான் இருக்கிறது, ஒரு நாளும் ரிப்பேர் ஆனதில்லை என்றார். மேலாளர் குட்டி மேடத்தின் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்காவை நிறுத்துற ஆர்டர், குட்டி மேடம் ரெண்டு நாள் கேட்ட அன்னைக்கே டைப் ஆயிடுச்சு தம்பி. பிரிண்டர் ரிப்பேர், ஆள் வர ரெண்டு நாள் ஆகும்னு குட்டி மேடம்தான் சொன்னாங்க."